சொந்தத் தோட்டத்துக்கு மினி எக்ஸ்கவேட்டர்: எத்தனை டன், எந்த அட்டாச்மெண்ட்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கோ

காங்கயம் காட்டுக்காரன்:

வணக்கமுங்க எல்லாருக்கும். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவால எங்களுக்கு 14 ஏக்கர் இருக்குதுங்க. ஆறு ஏக்கர் தென்னை, நாலு ஏக்கர் மாட்டுக்கு விட்ட கொறங்காடு, மிச்சம் சோளம் கடலைன்னு மழையப் பாத்து போடறது. தோட்டத்துக்கு வர்ற இட்டேரி ரெண்டு பக்கமும் கிளுவ வேலி, அகலம் எட்டடிக்குப் பக்கம்தான் வரும், ஜேசிபி உள்ள வந்துட்டுப் போனா ஏதாவது ஒரு பக்கம் வேலி நசுங்கிரும், அப்பறம் பக்கத்துக் காட்டுக்காரங்ககூட ஓரியாட்டம். வாடகை வண்டியும் மழைக்கு முன்னாடி கூப்பிட்டா மழை முடிஞ்சுதான் வருது.

வேலைன்னு பாத்தா மெயின் பைப் லைன் முச்சூடும் மாத்தோணும், பட்டுப்போன தென்னை அடிக்கட்டை நோண்டி எடுக்கோணும், கொறங்காட்டுல சீமைக்கருவேலம் ஏறிப்போச்சு அதை வேரோட புடுங்கோணும், கம்பிவேலிக்கு கல்லுக்கால் நடோணும், மேக்கால கொஞ்சம் பாறை எந்திரிச்சு நிக்குது அதை ஒடைக்கோணும், கட்டுத்தரை பக்கத்துல சாணிக்குழி, அப்பறம் ஒரு பண்ணைக்குட்டை. இதுக்கெல்லாம் சின்ன செயின் வண்டி ஒண்ணு சொந்தமா எடுத்தறலாம்னு எனக்கும் தம்பிக்கும் ரோசனை. 1.7 டன்னா, 3 டன்னா, 5 டன்னா? கூட மாட்டற அட்டாச்மெண்ட், அதாவது பக்கெட்டு மாதிரி கை நுனில மாட்டற சாமான், என்னென்ன வாங்கோணும்? ஓட்டிப் பாத்தவங்க சொன்னா உதவியா இருக்கும்ங்க.

பல்லடம் ஆபரேட்டர்:

அண்ணா வணக்கம். டன் அப்பறம் பாத்துக்கலாம், வருசத்துக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓடும்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க. உங்க சொந்த வேலை மட்டும்னா முதல் வருசம் எச்சா ஓடும், பைப் லைனும் கட்டையும் முடிஞ்சதும் 150 மணி நேரம் வந்தாலே பெருசு. வாடகை மணிக்கு 1,300ன்னு ஒரு கணக்குக்கு வெச்சுக்குங்க, 150 மணி நேரத்துக்கு 1,95,000. வண்டியும் சாமானும் சேந்து 25 லட்சம்னு வெச்சா நூத்துக்குப் பத்து வட்டியே 2,50,000 ஆச்சு, அசலு டீசலு சர்வீசு எல்லாம் அதுக்கு மேல. அக்கம்பக்கம் வாடகைக்கு விட்டு 500 மணி நேரத்துக்கு மேல ஓட்டுனாத்தான் வண்டி தன் காச தானே கட்டும். இல்லீங்க, கூப்பிட்ட நேரத்துக்கு வேலை நடக்கோணும் அதுதான் முக்கியம்னா அது வேற, அதுக்கு ஒரு வெலை இருக்குதுதானுங்க.

இன்னொண்ணு, விலை கேக்கறப்ப ஜிஎஸ்டி 18 சதம் சேத்து கேளுங்க. வெறும் விவசாயக் கணக்குல வாங்குனா அந்தப் பணம் திரும்பாது, வாடகைக்கு விட்டு ஜிஎஸ்டி பதிவு இருந்து பில் போட்டீங்கன்னா இன்புட் கிரெடிட் எடுக்கலாம், அதாவது கட்டுன வரியை நீங்க கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம். ஆடிட்டரைப் பாத்துட்டு யார் பேர்ல வாங்கறதுன்னு முடிவு பண்ணுங்க.

காங்கயம் காட்டுக்காரன்:

கணக்கு புரியுதுங்க தம்பி. பங்காளிக ரெண்டு பேரு, பெரியப்பா பையன் ஒருத்தரு, எல்லாம் சேத்து பக்கத்துலயே 50 ஏக்கருக்கு மேல இருக்குது, எல்லாருக்கும் இதே பைப் லைன், இதே வேலி வேலை, இதே இட்டேரி. அவங்களும் மணிக் கணக்குக்குத் தர்றேங்கறாங்க. 500ன்னு சொல்லமாட்டேன், 350, 400 வரும். மீதிக்கு வெளி வேலை புடிக்கோணும்.

வெள்ளகோவில் சிவா:

அதே காசுக்கு ஓடுன ஜேசிபி 3டிஎக்ஸ் நல்லதாவே சிக்கும்ணா. முன்னாடி லோடர் இருக்கு, மண்ணு அள்ளலாம், டிராக்டர்ல ஏத்தலாம், ரோட்டுல தானே ஓடிப் போகும். மினிய ஒவ்வொரு தடவையும் வண்டில ஏத்தி எறக்கோணும். நல்லா ரோசனை பண்ணுங்க.

காங்கயம் காட்டுக்காரன்:

அந்த நாயமும் பேசுனோம் சிவா. ஆனா இட்டேரிக்குள்ள அது ஏழரை அடி அகலத்தோட வந்து திரும்பறதுதான் இங்க பிரச்சனையே. தென்னைக்கு நடுவால ஸ்டெபிலைசர் கால் ஊனி நிக்கறதுக்குள்ள சொட்டுநீர் டியூப் எல்லாம் போயிருது.

பொள்ளாச்சி தோப்பு:

காங்கயத்தாரே, தென்னை அடிக்கட்டை பத்தி நான் சொல்றேனுங்க. எங்க பக்கம் வேர் வாடல் வந்து மரம் மரமா எடுத்துட்டு இருக்கறோம், அதனால இந்த வேலைதான் எங்க தோப்புல எந்நேரமும். எங்களுது 3 டன் ரகம்.

மரத்தை நிக்க வெச்சே மினிய வெச்சுத் தள்ளலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பெரிய ஹிட்டாச்சிதான் அதுக்கு. 3 டன் வண்டி தள்ளுனா மரம் எந்தப் பக்கம் வரும்னு சொல்ல முடியாது, கேபின் மேலயே வந்து உழுந்துரும். முதல்ல ஆள் வெச்சு மேல இருந்து துண்டு துண்டா எறக்கிருங்க, கீழ நாலடி அஞ்சடி கட்டை நிக்கட்டும். அந்த கட்டைதான் நெம்புறதுக்குப் புடி, தரையோட அறுத்துட்டீங்கன்னா பின்னால ரெட்டை வேலை.

அப்பறம் ஒரு அடி பக்கெட், அதாவது பைப் லைனுக்கு எடுக்கற அதே குறுகல் பக்கெட்டை மாட்டி, கட்டையில இருந்து ரெண்டடி தள்ளி மூணு பக்கம் குழி எடுங்க. தென்னைக்கு ஆணிவேர் கெடையாது, சுத்தியும் கயிறு கயிறா சல்லி வேர்தான், ஒவ்வொண்ணும் வெரல் தடிமன். பக்கெட் பல்லு அந்த வேர்ல படறப்ப பட் பட்டுனு அறுபடற சத்தம் கேபின்லயே கேக்கும், எஞ்சினும் கொஞ்சம் மூச்சு வாங்கும், அப்ப அவசரப்பட்டு இழுக்காம பல்லை இன்னும் ஒரு சாண் கீழ எறக்கி இழுத்தா கட்டுக் கட்டா வந்துரும். மூணு பக்கமும் ரெண்டரை மூணடி ஆழம் போனதும் நாலாவது பக்கம் வந்து நில்லுங்க, செயினுக்கு முன்னால இருக்கற மண்ணு தள்ளற பிளேடை தரையில அழுத்தி ஊனிக்குங்க, பக்கெட் முதுகை கட்டையோட தலைல வெச்சு தள்ளுங்க. லேசா ஆடும். விட்டுருங்க, திரும்ப வரும், மறுபடி தள்ளுங்க. நாலாவது பக்கத்து வேர் தானா கிழிஞ்சு கட்டை குழிக்குள்ள சாஞ்சுக்கும். 1.7 டன்ல இதையே செய்யலாம், ஆனா கட்டையத் தள்ளறதுக்குப் பதிலா வண்டி பின்னால எந்திரிக்கும். இந்த ஒரு வேலைக்காகவே 3 டன்னுக்குக் கீழ போகாதீங்கன்னு சொல்லுவேன்.

கையோட குழிய அங்கயே மூணுக்கு மூணுக்கு மூணடி சதுரமா ஆக்கிட்டீங்கன்னா அடுத்த கன்னுக்கு ஆச்சு. ஆனா நோயில போன மரம்னா வேரெல்லாம் பொறுக்கி எடுத்துட்டு குழிய வெயில்ல ஆறப்போட்டு அப்பறமேலு நடுங்க.

ஈரோடு ஹைட்ராலிக்:

நான் இந்த வண்டிகளோட பம்ப்பு, வால்வு, சிலிண்டர் வேலை பாக்கறவன். டன், பிராண்டு எல்லாரும் பேசறாங்க, ஆயில் லைனைப் பத்தி யாரும் கேக்கறதில்ல, அட்டாச்மெண்ட் வாங்கி மாட்டறப்பத்தான் தலைவலி வரும். அதனால இதைப் பொறுமையா படிங்க.

கை நுனில ரெண்டு பைப் வரும் பாருங்க, அதுதான் ஆக்ஸிலரி லைன், நம்ம ஆளுக பிரேக்கர் லைன்ம்பாங்க, பிரேக்கர்ங்கறது உளி வெச்சு பாறை ஒடைக்கற அட்டாச்மெண்ட். அது ஒரு வழியா ரெண்டு வழியான்னு கேளுங்க. பிரேக்கருக்கு ஒரு பக்கம் ஆயில் போனா போதும், திரும்பற ஆயில் கன்ட்ரோல் வால்வுக்குள்ள போகாம நேரா டேங்குக்குப் போகோணும், இல்லைன்னா பேக் பிரஷர் ஏறி பிரேக்கர் சீல் ஒடையும். ஆனா கல்லுக்கால் நட குழி போடற ஆகருக்கு ரெண்டு வழியும் வேணும், சுக்காங்கல்லுல ஆகர் சிக்கிக்கிட்டா திருப்பிச் சுத்தித்தான் வெளிய எடுக்க முடியும். ஒரு வழி லைன் வண்டில ஆகரை மாட்டிட்டு சிக்குனா அப்பறம் கடப்பாரையும் ஆளுந்தான். ரெண்டு வழி லைன், பிரேக்கருக்கும் ஆகருக்கும் மாத்திக்கற செலக்டர் வால்வு, இது ரெண்டும் கம்பெனியிலயே வண்டியோட வர்ற மாதிரி கொட்டேஷன்ல எழுதி வாங்குங்க. வெளிய போடறது செலவு, வாரண்டிலயும் சண்டை வரும்.

ரெண்டாவது, நிமிசத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் அந்த லைன்ல வருது, எத்தனை பார் பிரஷர். அட்டாச்மெண்ட் தகட்டுலயும் அதே ரெண்டு நம்பர் இருக்கும், ரெண்டும் ஒத்துப்போகோணும். 2.5 டன்னுல இருந்து 4.5 டன் வரைக்கும் வண்டிக்கு 53 மில்லி உளி போட்ட பிரேக்கர்தான் பொதுவா பொருத்தம். பெருசா மாட்டுனா எச்சா ஒடைக்கும்னு 68 மில்லி மாட்டறாங்க, அது கைக்கு பாரம், பின்னு புஷ்ஷு சீக்கிரம் போகும், வண்டி முன்னால குத்தும், அடியும் உறைக்காது.

பிரேக்கர் ஓட்டறதுக்கும் முறை இருக்குதுங்க. உளி பாறைக்கு நேர் செங்குத்தா நிக்கோணும், கையோட பாரம் மேல இருந்து அழுத்தோணும், அப்பத்தான் அடி பாறைக்குள்ள போகும். கல்லு ஒடைஞ்சதும் உடனே மிதியை விட்றோணும், காத்துல அடிச்சா உள்ள இருக்கற போல்ட்டுக நீண்டு அறுந்துரும். ஒரே எடத்துல அரை நிமிசம் அடிச்சும் வெடிப்பு வரலைன்னா எடத்தை மாத்துங்க. உளியை வெச்சு கல்லை நெம்பக்கூடாது. கிரீஸ் வெக்கறப்ப உளியைத் தரைல அழுத்தி மேல தள்ளிட்டு வெக்கோணும், இல்லாட்டி கிரீஸ் பிஸ்டனுக்கு அடியில போய் நெறஞ்சு முதல் அடிலயே சீலை அடிச்சுரும். பிரேக்கர்ல கேஸ் அடைச்சிருக்கற அக்யூமுலேட்டர்ல நைட்ரஜன் எறங்கிருச்சுன்னா அடி தளந்து ஹோஸ் பைப் துள்ளும், அதைப் பாத்ததும் நிறுத்தி கேஸ் போட்டுருங்க. பிரேக்கர் எச்சா ஓடுனா ஹைட்ராலிக் ஃபில்டரும் ஆயிலும் புக்குல போட்ட மணி நேரத்துக்கு முன்னாடியே மாத்தோணும், அதுவும் அந்த புக்குலயே தனியா எழுதியிருக்கும்.

உங்க வேலைப் பட்டியலுக்கு நான் சொல்றது: ஒரு அடி பக்கெட், ரெண்டடி பக்கெட், பல்லில்லாத அகலமான கிளீனிங் பக்கெட் ஒண்ணு, ஒத்தைப் பல்லு ரிப்பர் ஒண்ணு. இந்த நாலும் முதல் நாள்லயே வேணும். சரளை மண்ணுக்கும் பாதி மக்குன பாறைக்கும் ரிப்பர் போட்டு கிழிச்சுட்டு பக்கெட்டுல அள்ளறதுதான் மலிவு, பாதி எடத்துல பிரேக்கரே வேண்டியிருக்காது. கரும்பாறைக்கு மட்டும் பிரேக்கர். அதுவும் மேக்கால இருக்கற அந்த ஒரு பாறைக்குன்னா வாடகைக்கு எடுத்து ஒடைச்சுட்டு விட்ருங்க.

அவினாசி முத்து:

அண்ணா, அட்டாச்மெண்ட்டை சீக்கிரமா மாத்தற குயிக் கப்ளர் போடலாமுங்களா? பின்னு அடிச்சு அடிச்சு பக்கெட் மாத்தறதுக்கு நேரம் போகுதுன்னு சொல்றாங்க.

ஈரோடு ஹைட்ராலிக்:

போடலாம் முத்து, நாலு அட்டாச்மெண்ட் இருந்தா போடத்தான் வேணும். ஆனா கப்ளர் பாரமும் உயரமும் கைக்குச் சேரும், தோண்டற வலு கொஞ்சம் கொறையும். பாதுகாப்புப் பின்னு, அதாவது லாக் பின்னு கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கற மாடலா பாத்து வாங்குங்க. பக்கெட் மாட்டுனதும் ஆள் யாரும் பக்கத்துல இல்லாம தரைக்கு கிட்ட ஆட்டிப் பாத்துட்டுத்தான் தூக்கோணும். கப்ளர்ல இருந்து பக்கெட் கழண்டு கீழ நின்னவங்க மேல உழுந்த கதை பல ஊர்ல நடந்திருக்குது.

பக்கெட் உள்ளூர்ல செய்யறதுன்னா கோயமுத்தூர் கணபதி, சிட்கோ பக்கம் நல்லா செஞ்சு குடுப்பாங்க. பின்னு விட்டம், ரெண்டு பின்னுக்கும் சென்டர் தூரம், காதுக்கு நடுவுல அகலம், இந்த மூணையும் வெர்னியர் வெச்சு அளந்து எழுதிட்டுப் போங்க. டேப்புல அளந்துட்டுப் போனா பின்னுல ஆட்டம் இருந்துட்டே இருக்கும்.

உடுமலை மல்லிகா:

நான் இங்க அதிகம் எழுதறதில்லைங்க, ஆனா எங்க தோட்டத்துல வண்டிய நாந்தான் ஓட்டறேன், அதனால சொல்றேன். ஓட்டறது கஷ்டமில்லைங்ணா, ஜாய்ஸ்டிக்தான், கைக்கு பலம் வேண்டியதில்ல, ஒரு வாரம் ஓரமா ஒரு மூலைல வெறும் குழி தோண்டித் தோண்டி மூடுனா கை பழகிரும். பழைய ஜேசிபில லிவர் புடிச்சுப் பழகுன டிரைவர்களுக்குத்தான் முதல்ல தடுமாறும், கையும், அதைத் தாங்கற பெரிய கையான பூமும் மாறி மாறி வரும். பேட்டர்ன், அதாவது எந்த ஜாய்ஸ்டிக் எதை அசைக்கும்ங்கற முறையை, மாத்தற வால்வு இருக்கற வண்டியா இருந்தா ரெண்டு பேருக்கும் ஒத்து வரும். ஆனா யார் ஏறுனாலும் எந்த பேட்டர்ன்ல இருக்குதுன்னு பாத்துட்டுத்தான் கை வெக்கோணும்.

பூம் ஸ்விங் இருக்கற வண்டியா வாங்குங்க, அதாவது வண்டி நேரா நிக்க பூம் மட்டும் சைடுல மடங்கும். வேலி ஓரமா, செவுத்து ஓரமா பைப் லைன் எடுக்கறப்ப அந்த வசதி இல்லாட்டி கோணலாத்தான் நின்னு தோண்டோணும். பின்பக்கம் செயினுக்கு வெளிய நீட்டாத மாடல், ஜீரோ டெயில்ங்கறாங்க, தென்னைக்கு நடுவால திரும்பறப்ப மரத்துல அடிக்காது. எனக்கு இந்த ரெண்டும் இல்லாம வேலையே ஆகாது.

ஆடி மாசம் நம்ம பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கற அடிக்கு ரேடியேட்டர் முன்னாடி தூசியும் சோளத் தட்டு சருகும் அடைச்சுக்கும். தினமும் சாயந்தரம் கம்ப்ரஸர் காத்துல உள்பக்கமிருந்து வெளிய ஊதி விடுங்க. ரொம்ப பக்கத்துல வெச்சு ஊதுனா தகடு மடங்கிரும்.

பல்லடம் ஆபரேட்டர்:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. ஏத்தி எறக்கற விசயமும் ஒண்ணு சொல்லிர்றேன். 1.7 டன் வண்டின்னா டாடா 407லயே போயிரும். 3 டன் வண்டி, கூட பக்கெட்டு ரிப்பர் எல்லாம் சேந்து மூணரை டன் வந்துரும், 407ல அதை ஏத்தக்கூடாது, அது தாங்கற பாரமே ரெண்டரை டன் பக்கம்தான். ஐச்சர் மாதிரி பெரிய வண்டி வேணும். மண் மேட்டுல இருந்து ஏத்தறது, பலகை போட்டு ஏத்தறது எல்லாம் வேண்டாம், கொக்கி மாட்டற இரும்பு ராம்ப் ரெண்டு செஞ்சு வெச்சுக்குங்க. மழை ஈரத்துல ரப்பர் டிராக் இரும்புல வழுக்கும், ராம்ப் மேல குறுக்குக் கம்பி வெல்டு பண்ணிக்குங்க. பங்காளிக தோட்டத்துக்கெல்லாம் இட்டேரியிலயே போயிரலாம்னா இந்தச் செலவே பாதி கொறஞ்சுரும்.

காங்கயம் காட்டுக்காரன்:

எல்லாரும் இவ்வளவு விவரமா சொல்லுவீங்கன்னு நினைக்கவே இல்லீங்க, ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு கேள்வி. ஒண்ணு ரப்பர் டிராக்கா இரும்பு டிராக்கா? ரெண்டு, கிரேன்ல கட்டி எறக்கி கிணறு தூர் வாரறாங்களே, எங்க கிணறு 70 அடி, அடில சேறு நெறைய நிக்குது, நாமளே அதைச் செய்யலாமுங்களா?

ஈரோடு ஹைட்ராலிக்:

கிணத்து வேலையை முதல்ல சொல்றேன், இது உசுரு விசயம். டீசல் எஞ்சின் புகைல கார்பன் மோனாக்சைடு இருக்குது, அதுக்கு நெறமும் இல்ல வாசமும் இல்ல. 70 அடி கிணத்துக்குள்ள காத்து மாறாது, ஓட்டறவனுக்கு தலை கிறுகிறுங்கறதுக்குள்ள கை கால் வராது. பழைய சேத்தைக் கெளறுனா அதுல இருந்தும் விச வாயு வரும். ஒருத்தர் மயங்குனா காப்பாத்த எறங்கறவரும் மயங்குவாரு, கிணத்துச் சாவெல்லாம் ரெண்டு மூணு பேரா நடக்கறது இதனாலதான். ப்ளோவர் வெச்சு டக்ட் பைப் அடி வரைக்கும் விட்டு காத்து அடிச்சுட்டே, கேஸ் மீட்டர் வெச்சு பாத்துட்டே, எறங்கற ஆளுக்கு பெல்ட் கட்டி, கிணத்து மேல ஒருத்தர் பாத்துட்டு நின்னு செய்யற அனுபவக்காரங்க இருக்காங்க. அவங்கள விட்டுச் செய்ங்க. சொந்த வண்டி இருக்குதுன்னு எறக்கிராதீங்க. வண்டிய தூக்கறதுக்கும் புக்குல காட்டியிருக்கற தூக்கு எடம் தனியா இருக்கும், பூம்ல கயிறு சுத்தித் தூக்கறது கூடவே கூடாது.

கிணத்து மேட்டு ஓரமா வேலை செய்யறப்பவும் கல்லுக்கட்டு எவ்வளவு பழசுன்னு பாருங்க, செயின் கிணத்துக்கு நேரா இருக்கற மாதிரி நிறுத்துங்க, ஓரம் சரிஞ்சா பின்னால எடுக்க முடியும். குறுக்க நின்னா ஒரு செயின் எறங்கி வண்டி உருண்டுரும்.

தாராபுரம் கரிசல்:

டிராக் கேள்விக்கு நான் சொல்றேன். எங்குளுது கரிசல். மழை பேஞ்சா ரப்பர் டிராக்ல மண்ணு ஒட்டி பட்டை பட்டையா ஏறி வழுக்கும், அந்தக் காலத்துல வண்டிய எறக்கறதே இல்ல. காஞ்ச பூமில ரப்பர் அருமை, வாசல் சிமெண்ட்டு, தார் ரோடு எதுவும் பேராது, சொட்டுநீர் டியூப் மேல மெதுவா ஏறிப் போனாலும் அவ்வளவா கெடாது. ஆனா ஒடைச்ச கல்லு மேல நின்ன எடத்துலயே சுத்தித் திருப்புனா ரப்பர் கிழிஞ்சு உள்ள இருக்கற கம்பி வெளிய வந்துரும். அகலமா வட்டம் போட்டுத் திருப்போணும். உங்களுக்கு சரளையும் செம்மண்ணும், ரப்பரே போதும், பாறை ஒடைக்கற எடத்துல மட்டும் சூதானமா ஓட்டுங்க. டிராக் தொய்வை வாரம் ஒரு தடவை பாருங்க, சைடுல கிரீஸ் நிப்பிள் இருக்கும், அதுல கிரீஸ் ஏத்துனா இறுகும். தளத்தறப்ப வால்வை மெதுவா ஒரு சுத்து மட்டும் திருப்போணும், முகத்தை அதுக்கு நேரா வெக்காதீங்க, உள்ள பிரஷர் பயங்கரமா இருக்கும்.

பண்ணைக்குட்டைக்கு மட்டும் இந்த வண்டிய நம்பாதீங்க. நூத்துக்கு நூறு அடி, அஞ்சடி ஆழம்னா 1,400 கன மீட்டர் மண்ணு. 3 டன் வண்டி பக்கெட் ஜேசிபி பின் பக்கெட்டுல மூணுல ஒரு பங்குதான் புடிக்கும், எப்படியும் எழுபது எம்பது மணி நேரம் ஓடும், மண்ணைத் தள்ளிப் போடறதுக்கு மறுபடி அள்ளோணும். 20 டன் ஹிட்டாச்சி ஒண்ணு ரெண்டே நாள்ல முடிச்சுரும். வேளாண்மைப் பொறியியல் துறைல செயின் எக்ஸ்கவேட்டர் மணி வாடகைக்குத் தர்றாங்க, இ-வாடகை ஆப்ல பதிவு பண்ணலாம், வெளி வாடகையைக் காட்டிலும் கம்மி. சீசன்ல வரிசை இருக்கும், முன்னாடியே பதிஞ்சு வெச்சுக்குங்க.

சூலூர் வக்கீல்:

எல்லாரும் இயந்திரத்தைச் சொல்லிட்டீங்க, நிலத்தைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. சொந்த பூமி தானேன்னு எங்க வேணும்னாலும் தோண்ட முடியாதுங்க.

கொச்சியிலிருந்து கோயமுத்தூர் வழியா கரூர் வரைக்கும் பெட்ரோல், டீசல் போற பைப்லைன் நம்ம கொங்கு மண்ணுக்குள்ள புதைஞ்சு கெடக்குது. அந்தப் பாதை உங்க பூமில போச்சுன்னா 1962ஆம் வருசத்து பைப்லைன் சட்டப்படி வெள்ளாமை செய்யலாம், ஆனா கட்டடம் கட்டறதோ, கிணறு, குட்டை வெட்டறதோ, மரம் நடறதோ கூடாது. அடையாளக் கம்பம் நட்டிருப்பாங்க. வில்லங்கத்தைப் பாருங்க, கம்பத்துல இருக்கற நம்பருக்குக் கூப்பிட்டு கேட்டுட்டு பக்கெட்டை எறக்குங்க. புகளூருக்கு வர்ற 800 கேவி லைன் மாதிரி பெரிய டவர் லைன் போற எடத்துல டவர் கால் பக்கம் மண்ணு எடுக்கக்கூடாது, கம்பிக்கு அடில பூமை முழுசா நிமித்தக்கூடாது. தோட்டத்து மோட்டார் லைனும் அதே மாதிரிதான், கம்பத்துக்குப் பக்கத்துல தோண்டி கம்பம் சாஞ்சா பொறுப்பு நம்மளுது.

மண்ணு விசயம். உங்க பூமிக்குள்ள மேட்டைத் தட்டி பள்ளத்துல போட்டா அது நிலம் சமன் பண்றது. அதே செம்மண்ணை, கிராவலை லாரில ஏத்தி வெளிய குடுத்தா தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959க்குள்ள வந்துரும், அனுமதியில்லாம ஏத்துனா வண்டியையே புடிச்சு வெச்சுருவாங்க. குளத்து வண்டல் காட்டுக்கு அடிக்கறதுக்கும் தாசில்தார் அனுமதி வாங்கிட்டுத்தான் போகோணும். வெளி வேலைக்கு வண்டிய விடறப்ப அந்த எடத்துக்காரரு அனுமதி வெச்சிருக்காரான்னு பாத்துட்டு விடுங்க, மாட்டறது முதல்ல வண்டிதான். மலையடிவார ஊர்களுக்கு வேலைக்குப் போனீங்கன்னா அங்க ஹாக்கா, அதாவது மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும விதி இருக்குது, நீலகிரில கலெக்டர் அனுமதி இல்லாம மண்ணு அள்ளற வண்டிய எறக்கவே முடியாது.

பாறைக்கு வெடி வெக்கலாம்னு யாராவது சொன்னா லைசென்ஸ் இருக்கற ஆள் மூலமா மட்டும். தோட்டத்துல வெடிமருந்து வாங்கி வெக்கறது பெரிய வழக்கு.

காங்கயம் காட்டுக்காரன்:

வக்கீலய்யா, பைப்லைன் எங்க பூமில இல்லீங்க, பெரியப்பா காட்டு ஓரமா கம்பம் நட்டிருக்காங்க, அங்க வேலை எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கறேன்.

3 டன், ரப்பர் டிராக், ரெண்டு வழி லைன், பூம் ஸ்விங், ஜீரோ டெயில், நாலு அட்டாச்மெண்ட், கப்ளர். பிரேக்கர் வாடகை, குட்டைக்கு பெரிய வண்டி வாடகை. இதுவரைக்கும் வீட்டுல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. புதுசுக்கு மூணு கம்பெனில கொட்டேஷன் கேட்டிருக்கேன். அதுக்குள்ள திருப்பூர் பக்கம் ஒருத்தர் ஓடுன வண்டி ஒண்ணு இருக்குதுங்கறாரு, மீட்டர்ல 1,900 மணி நேரம் காட்டுது. போய்ப் பாக்கறப்ப என்ன பாக்கோணும்?

ஈரோடு ஹைட்ராலிக்:

மீட்டரை நம்பாம வண்டிய நம்புங்க. காலைல எஞ்சின் ஆறியிருக்கறப்பவே போங்க, முன்கூட்டியே ஓட்டி சூடாக்கி வெக்க வேண்டாம்னு சொல்லிருங்க. ஸ்டார்ட் பண்ணி ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து பாருங்க, புகை குபுகுபுன்னு அடிச்சா ரிங் போயிருச்சு. ஹைட்ராலிக் ஆயில் பால் மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்குது, கருகுன வாசம் வந்தா பம்ப்பு சூடேறி ஓடியிருக்குது.

அப்பறம் பூமை நேரா நீட்டி பக்கெட்டைத் தரைல இருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்துங்க, பக்கெட்டைப் புடிச்சு ரெண்டு பக்கமும் ஆட்டச் சொல்லுங்க, எந்தப் பின்னுல ஆட்டம்னு கை வெச்சாலே தெரியும். பிளேடையும் பக்கெட்டையும் ஊனி வண்டிய தரைல இருந்து எழுப்பி ரெண்டு செயினையும் தனித்தனியா சுத்த விடுங்க, ஒண்ணு மெதுவா சுத்துனா அந்தப் பக்கத்துச் செயினை ஓட்டற டிராவல் மோட்டார் தளந்துருச்சு. செயினைச் சுத்தற பல்சக்கரம் ஸ்ப்ராக்கெட், அதோட பல்லு மழுங்காம கூரா, சுறா மீன் துடுப்பு மாதிரி வளைஞ்சிருந்தா 1,900 மணி நேர வண்டி அது இல்ல. முக்கியமா ஸ்லூ ரிங், அதாவது வண்டியோட மேல் பாகம் சுத்தறதுக்கு இருக்கற பெரிய பேரிங்: பூமை நீட்டி, பக்கெட்டைத் தரைல வெச்சு லேசா அழுத்தி விட்டு அழுத்தி விட்டு மேல்கட்டுக்கும் கீழ்க்கட்டுக்கும் நடுவுல இடுக்குல வெரல் படாம கண்ணை வெச்சுப் பாருங்க, மேல் பாகம் எந்திரிச்சு உக்காந்தா பேரிங் தேஞ்சிருச்சு. அங்க இருந்து வர்ற கிரீஸை வெரல்ல தேச்சு வெயில்ல புடிங்க, மினுமினுன்னு இரும்புத் தூள் தெரிஞ்சா வண்டிய விட்டுட்டு வந்துருங்க, அந்த ரிங் மாத்தறது பெரிய செலவு. கடைசியா பூமை உயர்த்தி எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. எறங்கியிருந்தா சிலிண்டர் சீலு.

சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் தகட்டுல இருக்கறதையும் பில்லுல இருக்கறதையும் ஒத்துப் பாருங்க, பைனான்ஸ் முடிஞ்ச லெட்டர் இல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

உடுமலை மல்லிகா:

அண்ணா, வாங்கற அன்னைக்கே இன்சூரன்ஸ் போட்ருங்க. இந்த மாதிரி வண்டிக்கு சிபிஎம் பாலிசின்னு ஒண்ணு இருக்குது, கான்ட்ராக்டர்ஸ் பிளாண்ட் அண்ட் மெஷினரிங்கறதோட சுருக்கம், உருண்டது, தீ, திருட்டுக்கெல்லாம் வரும். வாடகைக்கு விடறதையும் அதுல எழுதச் சொல்லுங்க, மறைச்சா கிளெய்ம் வராது. எந்தக் கம்பெனி வாங்குனாலும் ஃபில்டர் செட்டு ரெண்டு, ஹோஸ் பைப் ஒண்ணு எச்சா வீட்டுல வெச்சுக்குங்க, விலை மலிவுன்னு முகவரி தெரியாத இறக்குமதி வண்டி எடுத்தவங்க எங்க பக்கம் ஒரு சீலுக்காக மாசக் கணக்குல காத்திருக்காங்க. சர்வீஸ் ஆள் திருப்பூர்லயோ கோயமுத்தூர்லயோ இருக்கற கம்பெனியா பாருங்க.

காங்கயம் காட்டுக்காரன்:

சரிங்க மல்லிகா அம்மணி. ஓடுன வண்டிய ஞாயித்துக்கிழமை காலைல பாக்கப் போறோம், ஈரோட்டு அண்ணன் சொன்னதை பிரிண்ட் எடுத்துட்டுப் போறேன். புது வண்டி டெமோவுக்கு நம்ம தோட்டத்துக்கே வரச் சொல்லியிருக்கேன், ஒரு தென்னங்கட்டையும் முப்பதடி பைப் லைனும் எடுத்துக் காட்டச் சொல்லோணும். பொள்ளாச்சித் தோப்புக்காரரே, அன்னைக்கு நீங்க வர முடியுமுங்களா?

பொள்ளாச்சி தோப்பு:

தேதி சொல்லுங்க, வந்தர்றேன். கட்டையை அறுத்துராம நாலடி விட்டு வெய்ங்க.